உணர்ச்சி எப்போது கலையாகிறது?
(ஓவியம் பயிலும் மாணவர் நோக்கில் சில எண்ணங்கள்)

கலை என்பது உணர்ச்சியின் வெளிப்பாடு என்று பாடசாலையிலே படித்தோம். பரீட்சையிலும் அவ்வாறே எழுதிப் புள்ளிகள் பெற்றோம். அந்த வாக்கியத்தின் மீது நமக்கு ஐயம் பிறந்தது தூரிகையைக் கையில் எடுத்த பின்னர்தான். துயரம் நெஞ்சை அழுத்தியபோது கீறிய படங்களை மறுநாள் எடுத்துப் பார்த்தால், அவற்றிலே துயரத்தைக் காணவில்லை. கறுப்பு வர்ணம் மட்டுமே மிஞ்சியிருந்தது. சினத்தோடு கீறியவற்றில் சினம் இல்லை. கிழிந்த தாள்தான் இருந்தது. எம்முள்ளே அத்தனை வலிவாக இருந்த ஒன்று, தாளுக்கு வரும் வழியில் எங்கே தொலைந்தது? கலை பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் என்றோ ஒருநாள் தம்மைத் தாமே கேட்கும் கேள்வி இது. இதற்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

லியோ டால்ஸ்டாய் 1898ஆம் ஆண்டில் வெளியிட்ட கலை பற்றிய நூலில் ஓர் எளிய எடுத்துக்காட்டைத் தருகிறார். காட்டிலே ஓநாயைக் கண்டு அஞ்சிய சிறுவன், பின்னர் அந்தக் கதையை மற்றவர்களுக்குச் சொல்கிறான். ஓநாய் வருமுன் தான் எவ்வளவு கவலையற்று நடந்தான், காடு எவ்வாறு இருந்தது, ஓநாய் எப்படி அசைந்தது என்றெல்லாம் அவன் சொல்லச் சொல்ல, கேட்போரும் அச்சம் கொள்கின்றனர். அதுவே கலை என்பது டால்ஸ்டாயின் முடிவு. ஒருவர் அடைந்த உணர்ச்சி மற்றவரைத் தொற்றவேண்டும் என்பது அவர் கொள்கை.

இந்த எடுத்துக்காட்டைச் சற்று ஊன்றி நோக்கினால் டால்ஸ்டாய் அழுத்திச் சொல்லாத ஒன்றும் புலப்படும். ஓநாயின் முன்னே நின்று அலறிய சிறுவன் கலைஞன் அல்லன். அந்த அலறல் உண்மையான உணர்ச்சிதான். அதைவிட உண்மையானது வேறெதுவுமில்லை. ஆயினும் அது கலையன்று. வீடு திரும்பி, மூச்சு அடங்கி, எதை முதலில் சொல்வது, எதை விடுவது என்று தெரிந்து சொன்னபோதுதான் அவன் கலைஞனானான். அலறலுக்கும் கதைக்கும் இடையே ஒரு தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை நடந்து கடப்பதற்குத்தான் பயிற்சி என்று பெயர். நமது படங்களிலே தொலைந்துபோனது அந்தத் தூரத்தில்தான் தொலைந்தது.

இது மேனாட்டார் கண்டு சொன்ன புதுமை என்று எவரும் எண்ணவேண்டியதில்லை. நம் ஊர்ச் செத்தவீட்டிலே ஒப்பாரி சொல்லும் பெண்களைப் பாருங்கள். ஏடு தொடாத கிழவி ஒருத்தி, இறந்தவரின் தலைமாட்டில் அமர்ந்து குரலெடுக்கிறாள். அந்தக் குரலுக்கு ஒரு சந்தம் உண்டு. அடிகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மற்றப் பெண்கள் சேர்ந்து கொள்ளுமிடம் எதுவென்று எல்லாருக்கும் தெரியும். இறந்தவர் வாழ்ந்த வாழ்வும், வைத்த மரமும், பட்ட கடனும், பாராமுகமாய் இருந்த உறவும் முறைப்படி வந்து நிற்கின்றன. அவள் அழவில்லை என்று யார் சொல்ல முடியும்? அவள் அழுகை ஒழுங்குபட்டிருப்பதால் பொய்யாகிவிடவில்லை. ஒழுங்குபட்டதனாலேயே வேலிக்கு வெளியே நிற்பவனும் அழுகிறான். உணர்ச்சியும் உருவமும் பகைப்பொருள்கள் என்ற எண்ணம் நகரத்துக் கலைமன்றங்களிலே பிறந்தது. ஒப்பாரி சொல்பவளுக்கு அது தெரியாது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலும் இவ்விடத்தில் நமக்குத் துணை செய்கிறது. அதனைப் பழம்புலவர் பாடமாக மட்டுமே நமக்குக் கற்பித்தார்கள். ஓவியம் பயில்வோரும் படிக்கவேண்டிய பகுதி அது. எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும் அந்நூல் அத்தோடு அமையாது, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களிலிருந்து பிறக்கும் என்று பகுக்கிறது. அழுகைக்கு அது காட்டும் காரணங்களில் வறுமையும் ஒன்று; இழப்பு ஒன்று; பிறரால் இழிவுபடுத்தப்படுதல் ஒன்று; முன்னிருந்த நிலையிலிருந்து தாழ்ந்து வருந்துதல் ஒன்று. வெகுளியின் காரணங்களோ உறுப்பை அறுத்தல், குடியை நலிதல், அலைத்தல், கொல்லுதல் என்பன. உணர்ச்சி வானத்திலிருந்து விழுவதன்று, உலகத்திலே மனிதருக்கு மனிதர் செய்யும் காரியங்களிலிருந்து எழுவது என்பதை இதைவிடத் தெளிவாக எவ்வாறு கூறமுடியும்? மெய்ப்பாடு என்பது உள்ளத்து நிகழ்ச்சி புறத்தார்க்குப் புலனாகும்படி வெளிப்படுதல் என்றார் பேராசிரியர். புறத்தார் என்ற சொல் இங்கே முதன்மையானது. காண்பவன் ஒருவன் இல்லாமல் மெய்ப்பாடு இல்லை.

ஆகவே உணர்ச்சி கலையாவதற்கு மூன்று வேண்டும் எனலாம். அதற்கு ஓர் உருவம் வேண்டும். அதன் காரணம் பற்றிய அறிவு வேண்டும். அதைப் பெற்றுக்கொள்ளும் மற்றொரு மனிதன் வேண்டும். உணர்ச்சி மட்டுமன்றிச் சிந்தனையும் கலையில் உருவங்களாக வெளிப்படுகிறது என்று பிளெக்கானோவ் டால்ஸ்டாயைத் திருத்தியபோது, இந்த இரண்டாவது தேவையைத்தான் வற்புறுத்தினார். இம்மூன்றையும் வைத்து யாழ்ப்பாணத்துக் கலை அனுபவத்தை மதிப்பிட்டுப் பார்ப்போம்.

குடாநாட்டில் நவீன ஓவியக் கல்விக்கு முறையான தொடக்கம் செய்தவர்களுள் சித்திர வித்தியாதிகாரியாக விளங்கிய எஸ். ஆர். கனகசபை குறிப்பிடத்தக்கவர். 1938இல் அவர் வின்சர் ஓவியக் கழகத்தை நிறுவினார். அதன்பின் குருநகரில் 1933இல் பிறந்த அ. மாற்கு, கொழும்பிலே ஓவியம் பயின்று திரும்பி, 1959இல் விடுமுறைக்கால ஓவியர் கழகத்தைத் தொடங்கினார். அந்தப் பெயரையே நோக்குங்கள். ஓவியம் அன்று விடுமுறைக்கு உரிய காரியமாகவே இருந்தது. பாடசாலை நாள்கள் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் உரியவை. வைத்தியராகவும் பொறியியலாளராகவும் பிள்ளைகளை ஆக்குவதே பெற்றோர் கண்ட ஒரே கனவு. படம் கீறுகிற பிள்ளை படிப்பிலே பின்தங்கிய பிள்ளை என்று எண்ணிய சமூகத்தில், விடுமுறையையாவது ஓவியத்துக்கென மீட்டெடுத்த முயற்சியைச் சிறிதென்று கருதமுடியாது.

சித்திரம் ஒரு பாடமாகப் பாடசாலைகளில் இருந்தது உண்மையே. ஆனால் பரீட்சைச் சித்திரம் மாணவரிடம் வேண்டியது எது? பூச்சாடியைப் பூச்சாடியாகவும், தைப்பொங்கலைத் தைப்பொங்கலாகவும் கீறவேண்டும். முற்றத்துப் பானையும் கரும்பும் வாழையும் கதிரவனும் உரிய இடத்திலே நிற்கவேண்டும். பொங்கலுக்கு அரிசி இல்லாத வீட்டுப் பிள்ளையும் அதே பானையைத்தான் கீறிற்று. உருவம் இருந்தது; உருவத்துக்குள் எவரும் இல்லை. முதலில் நாம் கூறிய படங்கள் உணர்ச்சி இருந்தும் உருவமற்றவை. இவையோ உருவம் இருந்தும் உணர்ச்சியற்றவை. இவ்விரண்டு குறைகளும் ஒன்றையொன்று வளர்ப்பவை. பரீட்சைச் சித்திரத்தில் சலிப்புற்ற இளைஞர்தாம் பயிற்சியே வேண்டாம், உணர்ச்சி போதும் என்று மறுகரைக்கு ஓடுகின்றனர்.

மாற்குவின் சிறப்பு இவ்விரு கரைகளுக்கும் நடுவே ஒரு பாதையைக் காட்டியதில் இருக்கிறது. நவீன ஓவிய முறைகளை அவர் தாமும் பயின்று, மற்றவர்க்கும் பயிற்றினார். அவரிடம் பயின்ற வாசுகி போன்ற பெண்கள் பின்னர் தமக்கென ஒரு வழியை வகுத்துக்கொண்டனர். 1987இல் அவரைச் சிறப்பித்து வெளிவந்த நூலுக்குத் 'தேடலும் படைப்புலகமும்' என்று பெயரிட்டார்கள். தேடல் என்ற அச்சொல் பொருத்தமானது. ஆசிரியர் தம் விடையைக் கொடுக்காமல் தம் தேடலைக் கொடுப்பாராயின், மாணவர் அவருடைய நகலாவதில்லை.

1990ஆம் ஆண்டின் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையினால் தாள் அரிதாயிற்று. கொப்பித் தாளிலே செய்திப் பத்திரிகைகள் அச்சாயின. ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியேற்றிய விளக்கின் கீழே ஒரு தலைமுறை படித்துத் தேறியது. அத்தகைய நாள்களிலும் படம் கீறியவர்கள் இருந்தார்கள் என்பதே, கலை வசதியுள்ளோரின் பொழுதுபோக்கு என்ற வாதத்துக்குப் போதிய மறுப்பு. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஓரிரவில் புறப்பட்டனர். மாற்குவும் அந்தப் பெருக்கில் ஒருவரானார். அவருடைய படைப்புகளில் மிகப் பெரும்பகுதி அழிந்து போயிற்று. மன்னாரிலே வாழ்ந்த அவர் 2000ஆம் ஆண்டில் மறைந்தார். நாற்பதாண்டு உழைப்பின் பெரும்பகுதியை நாம் இன்று புகைப்படங்களிலும் நினைவுகளிலும் மட்டுமே காண முடிகிறது. உணர்ச்சி தாளில் இறங்கிவிட்டால் நிலைத்துவிடும் என்று எண்ணும் மாணவர்க்கு இது கசப்பான பாடம். தாளும் எரியும். அவர் மாணவர் கைகளிலே கொடுத்துச் சென்றது மட்டுமே எரியவில்லை.

இழப்பை உருவமாக்க எவ்வளவு காலம் வேண்டும் என்பதற்கு ஜெர்மனியக் கலைஞர் கேதே கொல்விட்ஸ் சான்று. முதலாம் உலகப் போரில் 1914 ஒக்டோபரில் அவருடைய இளைய மகன் பீற்றர் மாண்டான். அவனுக்கு ஒரு நினைவுச் சின்னம் செதுக்க அன்றே உறுதிகொண்டார். அது கல்லறைத் தோட்டத்தில் நிலைபெற்றது 1932இலே. பதினெட்டு ஆண்டுகள் சென்றன. முதலில் எண்ணிய அமைப்பில் மாண்ட மகனின் உருவமும் இருந்தது. முடிவில் மகன் இல்லை, முழந்தாளிட்ட தாயும் தந்தையும் மட்டுமே இருக்கின்றனர். தன் துயரத்தின் நடுப்பொருளையே அவர் நீக்கிவிட்டார். நீக்கியதனால் அந்த வெறுமை, பிள்ளையை இழந்த எந்தத் தாயும் தன் பிள்ளையை வைத்துப் பார்க்கும் இடமாயிற்று. பதினெட்டாண்டு உழைப்பு அவர் துயரத்தைக் குறைத்ததா? இல்லை, அதை ஒரு தாயின் துயரத்திலிருந்து தாய்மாரின் துயரமாக வளர்த்தது.

இனி, முற்போக்காளர்களாகிய நம்மை நாமே நோக்கிச் சில சொற்கள் சொல்லவேண்டும். காரணம் பற்றிய அறிவு கலைக்கு வேண்டும் என்றோம். ஆயின் அந்த அறிவை உணர்ச்சிக்கு மாற்றாக வைத்துக்கொண்ட குற்றம் நம்மிடமும் உண்டு. உயர்த்திய கை, அறுந்த சங்கிலி, அடிவானத்துச் சிவப்பு என்று மனப்பாடமான சில அடையாளங்களை எத்தனை சுவர்களில், எத்தனை அட்டைப்படங்களில் கண்டுவிட்டோம்! அவை தைப்பொங்கல் பானையிலிருந்து எவ்வகையில் வேறுபட்டவை? கீறியவன் அந்தக் கையை ஒருபோதும் உற்றுப் பார்த்ததில்லை. தோட்டத்திலே புகையிலைக்குத் தண்ணீர் இறைத்த கை எவ்வாறு காய்த்திருக்கும், வலை இழுத்த கை எந்த இடத்தில் வெடித்திருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. கருத்து சரியாக இருந்தால் படமும் சரியாகிவிடும் என்பது சோம்பலுக்கு நாம் சூட்டிய கொள்கைப் பெயர்.

இதற்கு மாறான நல்ல மரபும் நம்மிடம் இருக்கிறது. டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதி 1960இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசு பெற்றபோது, பலர் முகஞ்சுளித்தனர். சிகை அலங்கரிப்பு நிலையத்தில் உழைத்த ஒருவர், அதுவரை இலக்கியத்தின் வாசலில் நிறுத்தப்பட்டிருந்த மனிதர்களின் உணர்ச்சியை எழுதியதே அவர்களுக்குப் பிடிக்காமற் போயிற்று. கிணற்றிலே அள்ள உரிமையற்றவனின் தாகமும், 1968இல் மாவிட்டபுரத்துக் கோயில் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டவனின் வெகுளியும் தொல்காப்பியம் சொல்லும் நிலைக்களன்களில் அடங்காதவையா? அடங்குபவையே. அவற்றைக் கலைக்குரியவை என்று ஏற்பதற்குத்தான் நம் சமூகத்துக்கு இத்தனை காலம் வேண்டியிருந்தது. யாருடைய உணர்ச்சி கலைக்குரியது என்பதும் ஒரு சமூகக் கேள்வியே.

புறத்தார் என்ற மூன்றாவது தேவையை நம் மண்ணிலே மிகத் தெளிவாக உணர்த்தியது நாடகம். குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனிய'ரை க. சிதம்பரநாதன் நெறிப்படுத்த, 1985இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் ஊர்தோறும் கொண்டுசென்று நடித்தனர். போர் மனத்திலே ஏற்படுத்திய காயங்களைப் பொருளாகக் கொண்டு பின்னர் 'அன்னை இட்ட தீ' எழுந்தது. வீட்டினுள் தனித்தனியே அடக்கிவைத்த துயரத்தைப் பலர் நடுவே பார்த்தபோது, அது தமக்கு மட்டும் உரியதன்று என்பதை மக்கள் அறிந்தனர். கலை செய்யக்கூடிய உதவிகளில் இதைவிடப் பெரியது எது?

ஆனால் இந்த உதவிக்கு ஒரு நிபந்தனை உண்டு. பேசுவதற்கு இடம் வேண்டும். 1986இல் யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டம் 'சொல்லாத சேதிகள்' என்ற தொகுதியைக் கொணர்ந்தது. அதில் எழுதிய சிவரமணி பல்கலைக்கழக மாணவி. 1991 மே மாதத்தில் அவர் தம் கவிதைகளைத் தீயிலிட்டு, தம் வாழ்வையும் முடித்துக்கொண்டார். அப்போது அவர் இளவயதினர். நண்பர்களிடமும் இதழ்களிலும் எஞ்சியிருந்த சிறு தொகையான கவிதைகளே இன்று நம்மிடம் உள்ளன. அதே ஆண்டு ஓகஸ்டில், நாடகமும் அரங்கியலும் பயின்ற மற்றொரு மாணவியும் கவிஞருமான செல்வியை விடுதலைப் புலிகள் பிடித்துச் சென்றனர். 1992இல் பென் அமைப்பு அவருக்குப் பரிசு வழங்கியபோதும் அவர் மீளவில்லை.

கலைஞர் துயரப்பட்டுத்தான் ஆகவேண்டும், மரணம் கவிதைக்கு மெருகூட்டும் என்று இவ்விருவரையும் காட்டிப் பேசுவோரை நாம் முழுமனத்தோடு மறுக்கிறோம். சிவரமணியின் மரணம் அவர் கவிதைகளுக்கு எதையும் சேர்க்கவில்லை. அவர் எழுதியிருக்கக்கூடிய நாற்பதாண்டுக் கவிதையை நம்மிடமிருந்து பறித்தது. செல்வியைக் கொண்டு சென்றவர்கள் அவரைக் காவியமாக்கவில்லை. ஒரு மாணவியின் வாயை அடைத்தார்கள். உணர்ச்சியை உருவமாக்கும் திறனும், காரணம் அறியும் தெளிவும், கேட்கக் காத்திருந்த மக்களும் இருந்தும், சொல்லும் உரிமை இல்லாதபோது கலை என்னாகும் என்பதற்கு 1991ஆம் ஆண்டே சான்று. எனவே முன்னர் கூறிய மூன்றோடு நான்காவதாகச் சுதந்திரத்தையும் சேர்க்கவேண்டும்.

சுதந்திரம் என்பது நமக்கு ஒவ்வாத உணர்ச்சிக்கும் இடங்கொடுப்பது. வலிகாமம் வெளியேறியது 1995 ஒக்டோபர் 30 என்றோம். அதற்குச் சரியாக ஐந்தாண்டுகளுக்கு முன்னர், 1990 ஒக்டோபர் 30ஆம் நாள், யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் சில மணி நேரத்துள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். நாள் ஒன்றே, துயரமும் ஒன்றே. ஆனால் நம் ஓவியங்களிலும் கவிதைகளிலும் முதல் வெளியேற்றம் பெற்ற இடம் எவ்வளவு? தன் கண்ணீரை மட்டுமே வரையத் தெரிந்தவன் அழுகை என்னும் மெய்ப்பாட்டைப் பாதிதான் கற்றிருக்கிறான்.

அண்மைக் காலத்து முயற்சி ஒன்றைக் குறிப்பிடாமல் முடித்தல் தகாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஓவியம் கற்பிக்கும் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட 'முற்றுப்பெறாத தோம்பு' எனத்தக்க நூல் அது. போர்த்துக்கேயர் காலத்திலிருந்து காணிப் பதிவேட்டைத் தோம்பு என்போம். இடம்பெயர்ந்த எண்பது பேரிடம், விட்டு வந்த வீட்டின் படத்தை நினைவிலிருந்து கீறித் தருமாறு அவர் கேட்டார். அவர்கள் ஓவியர் அல்லர். அறை, விறாந்தை, குசினி, கிணறு, வளவின் மூலையிலே மரம் என்று கோடுகளால் கீறினார்கள். அவற்றின் அருகே கட்டடக் கலைஞரின் அளவான வரைபடமும், ஓவியரின் சித்திரமும், அவரவர் கதையும் வைக்கப்பட்டன. அந்தக் கோணல் கோடுகளில் அழும் முகம் ஒன்றுகூட இல்லை. ஆயினும் கிணறு எந்தப் பக்கம் இருந்தது என்று மறவாத கையைக் காணும்போது நமக்குத் தொண்டை அடைக்கிறது. நாம் துயரத்தைக் கீற முயன்று தோற்றோம். அவர்கள் வீட்டைக் கீறினார்கள், துயரம் தானே வந்து நின்றது.

நம் கேள்விக்கான விடையும் இங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறோம். உணர்ச்சியை நேரே பிடிக்கப் போகின்றவன் வெறுங்கையோடு திரும்புகிறான். உணர்ச்சி எதனால் பிறந்ததோ அந்தப் பொருளை, அந்த மனிதரை, அந்த இடத்தை உண்மையாகவும் பொறுமையாகவும் காண்கின்றவனிடம் அது தானே வந்து சேர்கிறது. உழைப்பு உணர்ச்சியை உலர்த்திவிடும் என்று அஞ்சும் மாணவத் தோழர்களுக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றே: உழைப்பினால் உலர்ந்துபோகிற உணர்ச்சி, முதலிலேயே ஆழமற்ற கிணற்றுத் தண்ணீர்தான்.

கறுப்பு வர்ணம் பூசிய நமது பழைய தாள்களை நாம் எறியப்போவதில்லை. அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு, அன்று எதற்காக அழுதோம் என்று கேட்போம். அழவைத்த காரணத்தைத் தேடி வீதிக்கு இறங்குவோம். அங்கே அதே காரணத்தால் அழுகின்ற மற்றவரைக் காண்போம். அவர் முகத்தைக் கீறக் கற்றுக்கொண்டால், நம் முகமும் அதிலே வந்துவிடும்.